கண் விழுந்த சில்லு

மாங்கேணிக் கடற்கரையில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்க, திவாகரன் ஐந்தாவது தடவையாக அந்தச் சில்லுக்குக் கம்பி பூட்டி முடிக்கிறான். சுனாமி தாழம்பற்றைக்குள் தூக்கி எறிந்து, சண்டை முடியும்வரை மணலுக்குள் கிடந்த அப்பாவின் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிளின் சக்கரம் அது. அவன் ஆயுளில் கழற்றிப் பூட்டுகிற முதல் வண்டியும் அந்த பிஎஸ்ஏதான். இன்றைக்கும் சில்லு கோணினால் அத்தனையையும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதாக மனைவி பாமினிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அவள் வரச்சொன்ன ஓட்டமாவடி இரும்புக்காரர் முகைதீன்பாவா, தராசை மணலில் வைத்துவிட்டுப் பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடிக்கிறார். திவாகரன் சில்லைச் சுற்றிவிடுகிறான். அது வெறிகாரனைப்போல இரண்டு பக்கமும் தள்ளாடுகிறது. "சரி காக்கா, தூக்குங்க," என்கிறான் இரும்புக்காரரிடம், தலை நிமிராமல். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் பாமினியின் ஊசி நின்றுபோகிறது. "இஞ்ச தாங்க அதை. வலையில இப்பிடியா கண் விடுறது? ரெண்டு கம்பிக்கு மேலால போனா மூணாவதுக்குக் கீழால வரணும்." சில்லை மடியில் இழுத்துப் போட்டுக் கம்பிகளை உருவி மறுபடி கோக்கிறாள். அவள் விரல்களுக்குள் இரும்பு நூலாகி, ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது. திவாகரன் அவற்றைச் சுற்றிவர முடுக்கிக்கொண்டே போகிறான். இப்போது சுற்றிவிட்ட சில்லு ஓர் இம்மியும் ஆடாமல், வெயிலைச் சீவிக்கொண்டு ஓடுகிறது. முகைதீன்பாவா சிரிப்பை அடக்கிக்கொண்டு தராசைத் தோளில் போடுகிறார். பாமினி அதைக் கவனிக்கவில்லை. "மத்தச் சில்லு எங்க?" என்று கையை நீட்டுகிறாள்.