பிடித்த பாட்டைச் சொல்லாதவள்

"ஐயோ, அது என் பாட்டு! யார் போட்டது?"

மேக்கப் நாற்காலியிலிருந்து அவள் துள்ளி எழுந்த வேகத்தில் பென்சில் தரையில் உருண்டது. ஒரு புருவம்தான் வரைந்து முடிந்திருந்தது.

"அம்மா, இன்னொரு புருவம்..." என்று இழுத்தாள் மேக்கப் பெண்.

"வாயை மூடு. நான் கேட்டா மட்டும் பேசினாப் போதும்."

பக்கத்து அறையிலிருந்து பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. ஓடாத ஒரு பழைய படத்தில் வந்த பாட்டு, நடுவில் நீளமாக ஒரு விசில். படத்தை எடுத்தவர்களே அதை மறந்திருப்பார்கள். அவளுக்கு அது உயிர்.

ஒரு டிவி தொடரில் ஐந்து வருடமாக அவள்தான் மாமியார். படப்பிடிப்புத் தளத்தில் எல்லாரும் 'மாமியாரம்மா' என்றே கூப்பிடுவார்கள். அதற்கு முன்பெல்லாம் காபித் தட்டை வைத்துவிட்டுப் போகிற வேஷம்தான் கிடைத்தது. மாமியாரான பிறகுதான் கடைத்தெருவில் நாலு பேர் அவளை நிறுத்தி வைத்துத் திட்டினார்கள். அவள் பூரித்துப் போனாள்.

பிடித்த பாட்டைக் கேட்டதற்கா இப்படிப் பதற வேண்டும்? காரணம் இருந்தது. பின்னணி இசை சேர்க்கிற பாட்டுக்காரருக்கு இளகிய மனசு. கதையில் யாரையாவது சாகடிக்கப் போகிறார்கள் என்றால், அந்த வேஷத்தில் நடிக்கிறவரிடம் நைசாக வந்து, "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று கேட்பார். கடைசிக் காட்சியில் அதையே போட்டு வழியனுப்புவார். அவரைப் பொறுத்தவரை அது மரியாதை, சொன்னவருக்கு வேலை காலி. மாமனாராக நடித்தவர் சொன்னார், மறு வாரமே மாரடைப்பு. கடைசி மைத்துனன் வெகுளியாக மூன்று பாட்டு சொன்னான். பஸ்ஸில் அடிபட்டு, கோமாவில் கிடந்து, மூன்றையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

அதிலிருந்து அந்தத் தளத்தில் பிடித்த பாட்டைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. டீ குடிக்கும்போதுகூடப் பிடிக்காத பாட்டைத்தான் பேசுவார்கள். மாமியாரம்மா ஒரு படி மேலே போய், தனக்குக் காதே சரியாகக் கேட்காது என்று சொல்லி வைத்திருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரையில் வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தது. புகைக்கு நடுவே அவளுடைய முகம். நேற்று எடுத்த காட்சி அது.

"தம்பி, இது கனவுக் காட்சின்னுதானே சொன்னாங்க?"

பாட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. "டைரக்டர் இன்னும் உங்ககிட்ட பேசலையாம்மா?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எப்போ உங்ககிட்ட பாட்டு சொன்னேன்? உங்களைப் பார்த்தாலே அந்தப் பக்கமா ஓடிடுவேனே!"

"நீங்க சொல்லலம்மா. நெருப்புல போறது நீங்களா, பெரிய நாத்தனாரான்னு டைரக்டரே முழிச்சிட்டிருந்தாரு. அந்த நேரம் பார்த்து உங்க பாட்டு வந்துச்சு. 'சரி, அவங்களே தயாராயிட்டாங்க'ன்னு முடிவு பண்ணிட்டாரு."

"வந்துச்சுன்னா? யார் கொண்டு வந்து கொடுத்தது?"

"போன்ல சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர்தான்."

பாவம், விவரம் தெரியாத மனுஷன். யாரோ போனில் வாயைக் கிளறிப் பிடுங்கியிருக்கிறார்கள். வராந்தாவுக்கு வந்து, போனில் அவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, பாட்டுக்காரர் உங்களுக்குப் போன் பண்ணாரா?"

"இல்லையே. நான்தான் அவருக்குப் பண்ணேன்."

"நீங்களா? எதுக்கு?"

"உனக்குப் பிடிச்ச பாட்டைச் சொல்றதுக்கு."

"ஐயையோ! அதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? நீதானே வீட்டுல சிரிச்சு சிரிச்சு சொன்னே."

"தெரிஞ்சுமா சொன்னீங்க? இத்தனை வருஷம் கழிச்சுக் கிடைச்ச வேஷங்க. ஊரே என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டது இதனாலதான். என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. நம்ம மருமக கோவிச்சுக்கிட்டுப் போயி மூணு வாரமாச்சு இல்ல? போன வாரம் கூப்பிடப் போயிருந்தேன். 'அத்தை நல்லவங்கதான் மாமா. ஆனா ஷூட்டிங் முடிஞ்சு வரும்போது தினமும் அந்த மாமியாரையும் கூடவே கூட்டிட்டு வந்துடறாங்க. என்னிக்கு அவங்க தனியா வீட்டுக்கு வராங்களோ, அன்னிக்கு நானும் வரேன்'னு சொல்லிட்டா."