காலி அடைப்பு

குடியிருப்புகளின் ஆள் கணக்குக் கோப்பு முழுக்க ஒரே நீள வரி. குடியிருப்புக்கு ஓர் அடைப்புக்குறி, அதற்குள் வீட்டுக்கு ஒன்று, அதற்குள் ஆளுக்கு ஒன்று. அடைப்புகளைப் பிரித்து, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லும் நிரலை நான் எழுதியிருந்தேன். எங்கள் வீடும் அதில் இருந்தது. நானும் மாமியாரும் மட்டும்தான். திரையில் மூன்று என்று வந்தது.

நிரல்களைச் சோதிக்கும் பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரை மட்டும் யாரோ அழிச்சிருக்காங்க, அடைப்பை விட்டுட்டாங்க. உள்ள ஒண்ணுமில்லேன்னாலும் அது ஒரு ஆள் கணக்குதான்."

அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அந்தக் காலி அடைப்பை நானே அழித்தேன். மறுபடி ஓட்டினேன். இரண்டு. கோப்பைச் சேமித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினேன்.

நான்கு மாதமாக மாமியார் மேசையில் மூன்று தட்டு வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதை நான் எடுத்து உள்ளே வைப்பேன். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இன்று இரண்டே தட்டு. அப்பாடா என்றிருந்தது. கை கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு தட்டின் முன் மாமியார் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று என் கணவரின் நாற்காலிக்கு முன் இருந்தது. அதில் சாப்பாடு போட்டிருந்தது.

"அத்தை, எனக்கு?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. அடுக்கில் பார்த்தேன். வேறு தட்டு இல்லை.

"சாப்பிடுப்பா, ஆறிடப் போகுது," என்றார் மாமியார், நாற்காலியைப் பார்த்து. "இருக்கிறதே நாம ரெண்டு பேர்தான்."