கொத்து மல்லாட்டை

திண்டிவனம் எண்ணெய் மில்லின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே பிற்பகல் வெயில் தரையில் காசு காசாகச் சிதறிக் கிடக்கிறது. எஞ்சின் பட்டை இழுக்க, அருகருகே இரண்டு செக்குகள் சுற்றுகின்றன. ஒன்றில் வழக்கமான கொடி மல்லாட்டை, படர்ந்து காய்க்கும் நிலக்கடலை. மற்றதில் அதே எடைக்கு சர்க்கார் பண்ணையின் புதிய கொத்து ரகம். அதைத் தேர்ந்து வளர்த்த சவுரிராயன், கெடார் கிராமத்தில் பிறர் நிலத்தில் ஏர் பிடித்தவரின் மகன், விவசாயக் கல்லூரியில் படித்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அவரை நம்பித் தன் காணி முழுதும் அதையே விதைத்த தையல்நாயகி செக்கைவிட்டுக் கண் எடுக்கவில்லை. எண்ணெய் குறைந்தால் விளைச்சலை வாங்க மாட்டேன் என்று மில்காரர் சக்கரபாணி முன்பே சொல்லிவிட்டார்.

"குட்டைச் செடி, அண்ணி. தலைக்குத் தேய்க்கக்கூடக் காணாது" என்று அவள் கொழுந்தன் சீனுவாசன் சிரிக்கிறான்.

"வாயத் தொறந்துக்கினு நிக்காத, எண்ணெய் தெறிக்கும்" என்கிறாள் அவள்.

கொத்து ரகத்தின் பாத்திரம்தான் முதலில் நிறைந்து பொன்னாய் வழிகிறது. சக்கரபாணி ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்கிறார். "செக்கை நிறுத்துங்கடா! மீதியை ஆட்டாதீங்க. அத்தனையும் விதை. நானே வாங்கி ஊரூராக் கொடுக்கறேன்."

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சவுரிராயன் பக்கம் திரும்புகிறாள். "வர்ற பட்டத்துல எங்க காணிக்கு நீங்க வரணுங்க. மொதப் பிடி விதை நீங்கதான் போடணும்."

சீனுவாசனின் சிரிப்பு நிற்கிறது. "மொதப் பிடி ஊட்டு ஆம்பள போடறதுதானே வழக்கம், அண்ணி?"

"விதையே அவரு ஊட்டு விதைதானேப்பா" என்கிறாள்.