நான்கு குதிரைகளுக்கு ஒரு வண்டி

"எவ்வளவு எடைடா இழுக்கப் போறே? உண்மையைச் சொல்லு. இங்க வர்றவன் எல்லாம் மலையையே கட்டி இழுக்கப் போறதாத்தான் அளக்கிறான்" என்றான் ரெக்ஸ்.

ரெக்ஸ் என்னோடு வொர்லாண்ட் பள்ளியில் படித்தவன். இருபது வருடமாக இதே ஊரில் பிக்கப் வண்டி விற்கிறான். எங்களுக்காக இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். ஒன்று சாம்பல் நிறம், அடக்கமானது. இன்னொன்று வெள்ளை, டீசல், பின்னால் மட்டுமே நான்கு சக்கரம்.

"நாலு குதிரை" என்றாள் என் மனைவி டார்லா. "டிரெய்லர், சேணம், வைக்கோல் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் பவுண்டு. பவுடர் ரிவர் கணவாயைத் தாண்டணும். கடைசி எட்டு மைல் ரோடே கிடையாது. களிமண்ணு."

அந்த எட்டு மைலின் முடிவில் அவள் தங்கை வீடு இருக்கிறது, தெற்கு டகோட்டாவில். டார்லா என்னை விட்டுப் போகிறாள்.

ரெக்ஸுக்கு இது தெரியாது. பண்ணைக்கு வண்டி எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"இருபத்திரண்டு வருஷத்துல நீ என்கிட்ட எதையுமே கேட்டதில்ல, வெர்ன்" என்று ஆகஸ்டில் ஒருநாள் காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். சண்டை இல்லை, குரல்கூட உயரவில்லை. நான் அந்தக் கோப்பையை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

நாலில் ஒன்று என்னுடைய கிழட்டுக் குதிரை. மற்ற மூன்றும் போய்விட்டால் அது தீனி எடுக்காது. அதையும் கூட்டிக்கொண்டு போ என்று நான்தான் சொன்னேன். என்னைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

நான் வாய் திறப்பது வண்டி விஷயத்தில் மட்டும்தான். அதனால்தான் கூப்பிட்டாள் என்று நினைத்தேன். பணம் அவளுடையது, அவள் அம்மா விட்டுப்போனது. எந்த வண்டி என்று மட்டும் நான் சொல்லவேண்டுமாம்.

சாம்பல் வண்டியைச் சுற்றி வந்தேன். குனிந்து அடியில் பார்த்தேன்.

காகிதத்தில் அதுவும் பன்னிரண்டாயிரம் இழுக்கும். காகிதம் கணவாய் ஏறியதில்லை. கணவாய்க்கு முன்னால் வரும் டென் ஸ்லீப் பள்ளத்தாக்கு ஏற்றத்திலேயே வண்டிக்கு மூச்சு வாங்கிவிடும். இன்ஜின் கொதித்து ஓரமாக நிற்பாள். என்னைத்தான் கூப்பிடுவாள். வண்டியைப் பழுது பார்ப்பதற்குள் அக்டோபர் முடிந்து பனி விழுந்துவிடும். குதிரைகளை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. வசந்தம் வரைக்கும் வீட்டில்தான் இருப்பாள்.

இதுவே போதும் என்று சொன்னால் முடிந்தது.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் கொதிக்காமல் ஏறிவிட்டால்? உச்சியைத் தாண்டினால் இறக்கம். பின்னாலிருந்து நாலு குதிரையின் பாரமும் தள்ளும். பிரேக் புகையும். இரண்டு காலாலும் மிதிப்பாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

"சாம்பல் வேண்டாம்" என்றேன். "ஏத்தத்துல எதுவும் எப்படியோ ஏறிடும். இறக்கத்துல பிடிச்சு நிறுத்தணும். வெள்ளையை எடு."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் பிரேக், சேற்றுக்கு எந்த டயர், டிரெய்லர் கொக்கியை எங்கே பொருத்தவேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பேசியதில்லை.

டார்லா முழுவதும் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

"நிச்சயமா, வெர்ன்?"

"நிச்சயமா."

தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட உள்ளே போனாள்.

ரெக்ஸ் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"உன் பெண்டாட்டி பெரிய ஆளுடா. போன வாரமே தனியா வந்துட்டுப் போனா. இந்தச் சாம்பல் வண்டி அந்தக் கணவாயைத் தாங்காதுன்னு எனக்கே பாடம் எடுத்தா. ஆனாலும் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னா. 'வெர்ன் இதுவே போதும்னு சொன்னா, இதையே எடுத்துக்கறேன்'ன்னா. ஏன்னு கேட்டேன், சொல்லலை. உனக்காவது புரியுதா?"

புரிந்தது. வண்டியைப் பற்றி அவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை. போகாதே என்று சொல்லத் தெரியாதவனுக்கு அதைச் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்து, பளபளவென்று கழுவி, கண்ணெதிரே நிறுத்தி வைத்திருந்தாள். நான் அதன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும், அந்த அலுவலகத்துப் பெண் பயந்துபோய் எழுந்துவிட்டாள்.

டார்லா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். அந்தக் கண்களை அப்படி நான் பார்த்துப் பல வருடம் இருக்கும். காத்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"முதல் நூறு மைல் ஓடினதும்," என்றேன், "சக்கர நட்டை எல்லாம் ஒருதரம் இறுக்கிப் பாத்துக்கோ."

"சரி, வெர்ன்" என்றாள் டார்லா. குனிந்து கையெழுத்துப் போட்டாள்.