எலி விழுந்த வீடு

“ஏலே, வண்டியத் திருப்புடா! பொண்ணு வீட்டுல எலி செத்து விழுந்துருச்சாம்!”

வழியில் சேதி கேட்ட மாப்பிள்ளை கருத்தக்கண்ணன் போட்ட சத்தத்தில், மார்க்கையன்கோட்டை எல்லையிலேயே மாடுகள் மிரண்டு நின்றன. எலி விழுந்தால் அடுத்து ஆள் விழும் என்ற பிளேக் பயம் அப்படி. போன மாசம்தான் பக்கத்து ஊரில் ஒரு தெருவே காலியாகியிருந்தது.

“மாப்ள, நில்லுங்க! விடிஞ்சா கல்யாணம்!” எதிர்கொண்டு அழைக்க எல்லைக்கு வந்திருந்த பெண்ணின் அப்பா ஒச்சாண்டி வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

“கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு உசுரு வேணும்.”

இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்த, தலை நரைத்த மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி கடமலைக்குண்டு பக்கம் பறந்தது.

ஒச்சாண்டி வீடு திரும்பியபோது சுகாதார இன்ஸ்பெக்டர் அருளப்பனின் ஆட்கள் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் உடனே தோட்டத்துக் குடிசைக்குப் போய்விட வேண்டும் என்பது உத்தரவு.

“செத்த எலியக் கண்டா குழி தோண்டிப் பொதைக்க வேண்டியதுதானே? அதத் தூக்கிக்கிட்டு ஏண்டி ஆபீசுக்குப் போன?” மனைவி பஞ்சம்மாள்மீது பாய்ந்தார். “அம்புட்டு நெலம் உள்ள மனுசரு! போயிட்டாகளே!”

“மறைச்சு வச்சு, பந்திக்கு வந்த சனம் சீக்குல விழுந்தா யாரு பதில் சொல்றது?” என்றாள் பஞ்சம்மாள், பானைகளை அடுக்கியபடி.

மகள் மாயக்காள் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

சாயங்காலம் அருளப்பன் குடிசைக்கு வந்தார். ஒச்சாண்டி மாடுகளுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தார்.

“நீங்க கொண்டாந்த எலியப் பாத்தேம்மா. கழுத்து முறிஞ்சிருக்கு. அது பிளேக்குல செத்தது இல்ல. பொறி வச்சுக் கொன்னது.”

பஞ்சம்மாள் ஒச்சாண்டி போன பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அய்யா… மாப்பிள்ளையோட மூத்த மகனே எம்மகளவிடப் பெரியவன். அழுதேன், கால்ல விழுந்தேன், யாரும் கேக்கல. எனக்கு வேற வழி தெரியல. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிராதீக. இப்பவே வீட்டுக்குத் திரும்பிருறோம்.”

“வீட்டுப் பக்கமே போயிராதீக, தாயி.” அருளப்பனின் குரல் தாழ்ந்தது. “ஓட்டப் பிரிச்சப்ப மோட்டுவளையில கொத்தா எலிக செத்துக் கெடந்துச்சு. அதுல ஒண்ணுகூடப் பொறியில செத்தது இல்ல.”