ரோஸ்லின் சொன்னால் சரி

"இப்போ?"

"ஹவ்ங்க, ஆமா, சுருதி சேர்ந்துடுச்சு."

சகாயராஜ் டிராம்போனை உதட்டிலிருந்து எடுத்தான். மறுநாள் காலை ரயில்வே பேண்டுக்குத் தேர்வு. இந்த வாத்தியத்தில் அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. குழாயை நீட்டி மடக்கி, காதால்தான் சுருதியைப் பிடிக்க வேண்டும். அவன் காதைப் பழக்குகிறவள் மனைவி ரோஸ்லின். சர்ச் கொயரில் யார் சுருதி விலகினாலும் முதலில் முறைப்பவள் அவள்தான்.

"நேத்து எங்க பேண்டு மாஸ்டர் சுருதி இறங்குதுன்னு கத்தினார், ரோஸி. நீ என்னடான்னா ஒரு மாசமா எல்லாத்துக்கும் சரிங்கிறே."

ரோஸ்லின் அவன் உதட்டையே பார்த்தபடி சொன்னாள்: "அவருக்கு என்ன தெரியும்? பயப்படாம ஊதுங்க."

வாசலில் கால் சென்டர் கேப் வந்து ஹாரன் அடித்தது. கச்சிபௌலியில் ஆறு வருஷமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிற வேலை அவளுக்கு. முதல் ஹாரனுக்கே பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள், இன்று மூன்றாவது ஹாரனுக்கும் அசையவில்லை.

சகாயராஜ் வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

டிராம்போனை மறுபடி உதட்டில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். குழாயை மெதுவாக நீட்டி, வழக்கமான இடத்தில் நிறுத்தினான். ஆனால் ஊதவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

குழாய் நின்ற இடத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு ரோஸ்லின் பெரிதாகச் சிரித்தாள்.

"இதுதாங்க சுத்தமான சுருதி! நாளைக்கும் இப்படியே ஊதுங்க."