கிரீஷ் கேட்ட கேள்வி

ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்த புதிது. அடையாறில் ஒரு கல்லூரி அரங்கில் அதைப் பற்றி விரிவுரையாளர் மஹதி பேசிக்கொண்டிருந்தாள். பின்வரிசை ஊளையிட்டது.

முதலாமாண்டு மாணவன் கிரீஷ் எழுந்தான். “ஆம்பளைக்கு நடந்தா யார்கிட்ட மேடம் சொல்றது?”

பின்வரிசைதான் முதலில் சிரித்தது; பிறகு அரங்கமே சிரித்தது. மஹதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பொண்ணுங்க படற பாடு உனக்குக் கிண்டலா? வெளிய போ.”

“இல்ல மேடம், நான்...”

“போடா வெளிய.”

விசில் சத்தத்துக்கு நடுவே அவன் தலைகுனிந்து வெளியேறினான்.

கூட்டம் முடிந்து வந்தவள், தன் அறை வாசலில் அவனைக் கண்டதும் சீறினாள். “இன்னும் என்ன?”

“நான் கிண்டல் பண்ணல மேடம். ஹாஸ்டல்ல சீனியருங்க என்னைத் துணியை அவுக்க வெச்சு...” அரங்கின் பக்கம் கைகாட்டினான். “உள்ள முதல்ல சிரிச்சாங்களே, அவங்கதான்.”

மஹதி அறைக் கதவைத் திறந்து, “உள்ள வாப்பா,” என்றாள்.